கீழ் வளைவில் தேங்கிய தண்ணீர்

பயந்துபோன மூன்று பேருடைய கதை இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கீழ்ப்பழனி மலையில், தார்ச்சாலையிலிருந்து பிரிந்து ஒரு சரளைப் பாதை காப்பித் தோட்டத்துக்குள் ஏறுகிறது. அது போய் முடிகிற ஓட்டு வீட்டில் தமயந்தியும் அவள் கணவன் திரவியமும் குடியிருந்தார்கள். பாதையைப் பேணுவது தமயந்தியின் வேலை. டிராக்டரின் பின்னால் இரும்புப் பலகையை மாட்டி, ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை நடுவுக்கு இழுத்துவிடுவாள். மலைப்பக்க வாய்க்காலில் அடைந்த சருகையும் மண்ணையும் வாருவாள். திரவியத்துக்கு அந்த வண்டி என்றாலே நடுக்கம். அதில் ஏறவே மாட்டான். ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பாதையில் இரண்டு வளைவுகள். மேல் வளைவில், பாதைக்கு வெளிப்புறம் வெறும் பாறைச் சரிவு. கீழ் வளைவில் வாய்க்கால் தண்ணீர் பாதைக்கு அடியில் பதித்த சிமெண்டுக் குழாய் வழியாக மறுபக்கம் இறங்கும். அதற்கு நேர் கீழே லூர்துமேரியின் வீடு. அவளும், எழுந்து நடக்க முடியாத அவள் மாமியார் ஞானம்மாவும் அங்கே இருந்தார்கள். குழாய் பதித்தபோதே லூர்துமேரி கலங்கினாள். “இது அடைச்சுக்கிட்டா எங்க கதி என்னக்கா?” என்றாள். “அடைச்சா நான் வண்டியோட வந்து எடுத்துவிடுறேன். இது என் பொறுப்பு மேரி” என்று தமயந்தி வாக்குக் கொடுத்தாள்.

ஐப்பசி அடைமழை. விடாமல் பெய்து, ஒரு பிற்பகல் சற்றே தணிந்தது. வாய்க்காலைப் பார்த்துவர தமயந்தி டிராக்டரை எடுத்தாள். அவளுக்கு முன்னால் திரவியம் குடையோடு நடந்தான். கீழ் வளைவுக்கு வந்ததும் தமயந்தி வண்டியை நிறுத்தினாள். குழாயின் வாய் அடைத்து, மலைப்பக்கம் முழுக்கத் தண்ணீர் குளமாக நின்றது. அந்தக் குளத்துக்குப் பாதைதான் கரை. பாதையின் வெளி விளிம்பில் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்குள் அவள் கையை நுழைக்கலாம். கீழே லூர்துமேரியின் கூரையிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

லூர்துமேரி மண்வெட்டியோடு அவர்களுக்கு முன்பே மேலே வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாய் வாயைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கையால முடியலை. வண்டியை ஓரமாக் கொண்டாங்க. பலகையைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்.”

தமயந்தி வண்டியை நகர்த்தினாள். முன்சக்கரம் வளைவில் ஏறியதும் பாதை அவளுக்குக் கீழே மெத்தை மாதிரி அமுங்கியது. வெடிப்பு இன்னும் விரிந்ததைக் கண்ணால் பார்த்தாள். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இந்த எடை ஏறினால் பாதை மொத்தமும் வண்டியோடு அந்த வீட்டின் மேல் போய் விழும் என்று அவளுக்குத் தோன்றியது. தானும் செத்துப்போவோம் என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று பின்னாளில் அவளால் சொல்ல முடியவில்லை.

திரவியத்தின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னான்: “எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பாதை நிக்காது. நான் போய் ஞானம்மா பெரியம்மாவைத் தூக்கிட்டு வந்துர்றேன். மேரி, நீயும் வா.”

“வீடு போயிட்டா நாங்க எங்க போறது? நான் இதை எடுக்காம வரமாட்டேன்” என்றாள் லூர்துமேரி. குடையைப் போட்டுவிட்டு அவன் சரிவில் இறங்கி ஓடினான்.

தமயந்தி வண்டியைப் பின்னால் எடுத்தாள். சத்தம் கேட்டு லூர்துமேரி நிமிர்ந்தாள். “திருப்பிட்டு வர்றீங்களாக்கா?”

ஆமாம் என்று தமயந்தி தலையை ஆட்டினாள்.

திரும்பி வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை. நேரே மேல் வளைவுக்கு ஏறினாள். இரும்புப் பலகையை இறக்கி, தான் பேணிவந்த பாதையைக் குறுக்கே வெட்டினாள். வெட்டு ஆழமானதும் வாய்க்கால் தண்ணீர் அந்த வழியே பாய்ந்து, யாருக்கும் கேடில்லாமல் பாறைச் சரிவில் இறங்கியது. கீழ் வளைவுக்குப் போகிற நீர் நின்றது. அவள் மூச்சுவிட்ட நேரத்தில் கீழே பாதை சரிந்தது.

ஓடிப் போனாள். பாதையில் பாதி அகலம் போயிருந்தது. மீதியை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு வெளியேறிய தண்ணீர் லூர்துமேரியை இழுத்திருந்தது. அந்த உடைப்போரம் நின்ற சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டு அவள் தொங்கினாள். கணுக்கால் முறிந்திருந்தது. கீழே வீட்டின் சமையல்கட்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. எட்டத்தில், ஒரு பலாமரத்தடியில், திரவியம் ஞானம்மாவைப் பத்திரமாக மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தான்.

தமயந்தி கை கொடுத்துத் தூக்கியபோது லூர்துமேரி கேட்டாள்: “வர்றேன்னுதானே தலையை ஆட்டுனீங்க?”



பிறகு ஊர் மூன்றாகப் பிரிந்து பேசியது. மேலே வெட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சவுக்கு மரமும் சேர்ந்து போயிருக்கும், தமயந்தி செய்ததுதான் சரி என்றார்கள் சிலர். மனைவியை நடுப்பாதையில் விட்டுப் போனாலும், நடக்க முடியாத உயிரை முதலில் நினைத்த திரவியம்தான் சரி என்றார்கள் சிலர். கொடுத்த வாக்கை நம்பி, குடியிருக்கும் வீட்டுக்காகக் கடைசிவரை நின்ற லூர்துமேரியை யார் குறை சொல்ல முடியும் என்றார்கள் மற்றவர்கள்.

மூவருக்கும் பயம் ஒன்றுதான். இதில் யார் செய்தது சரி?

விடை: திரவியம் செய்தது. தமயந்தி பாதையை வெட்டியது குற்றமில்லை; வண்டியை வளைவில் ஏற்றாததும் குற்றமில்லை. காப்பாற்ற முடியாத வாக்கை விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிட்டேன் என்பதை, அதை நம்பித் தண்ணீரில் நிற்பவளிடம் சொல்லியாக வேண்டும். தமயந்தி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். லூர்துமேரி வராத வண்டிக்காகக் காத்து நின்றாள். லூர்துமேரியின் தவறு, வீட்டை எண்ணி உயிரைப் பணயம் வைத்தது. அதில் பாதி அந்தத் தலையாட்டலைச் சேரும். திரவியம் ஒருவன்தான் தன் பயத்தையும் தான் போகும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனான்.