வாசலை அகலமாக்கிய முயல்கள்

காரைப் புதர்களுக்கு அடியில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை குட்டிகளை நாவல் மரக் கிளையில் உட்கார வைக்கும். எந்தக் குட்டி உட்காரும்போது கிளை அதிகமாக வளைகிறதோ அந்தக் குட்டிக்கு மாலை. அதன் தாய்க்கு முன்வரிசை. கிளை முறிந்துவிட்டால் மேளமே கொட்டுவார்கள்.

அன்று தாழை என்ற முயல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் பூபாலன் கிளையை முறித்துவிட்டான்.

"பெத்தா இப்படிப் பெக்கணும்!" என்று ஊரே வாயைப் பிளந்தது. தாழைக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கொழுப்புக்கெல்லாம் காரணம் நல்லமுத்து நரி. கறியை விட்டுவிட்டதாக அவன் சத்தியம் செய்திருந்தான். புதர் ஓரமாகப் பந்தல் போட்டுக் குட்டிகளுக்குப் பாகு உருண்டை கொடுத்தான். காசு வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். "ஓடினா வேர்க்கும், வேர்த்தா இளைக்கும், ராசா!" என்று முதுகைத் தடவிக் கொடுப்பான்.

சும்மா கொடுக்கிறவனைப் பார்த்து "ஏன் கொடுக்கிறாய்?" என்று கேட்கும் பழக்கம் அந்த ஊரில் இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குட்டிகள் ஓடுவதை விட்டன. அறுகம்புல்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பந்தலுக்குப் போகவும் வரவும் ஆமை மேல் ஏறிக்கொண்டன. முயல் ஆமைச் சவாரி செய்வது அங்கே பெரிய அந்தஸ்து.

"தாயி, உன் மகன் ஏறினதும் என் நாலு காலும் பாதி ஓட்டுக்குள்ளே போயிடுச்சு. வெளியே வரமாட்டேங்குது!" என்றான் ஆண்டியப்பன் ஆமை. "கொஞ்சம் இறங்கி நடக்கச் சொல்லேன்!"

"நடக்கிறதா? என் பிள்ளையா? வாயைக் கழுவுய்யா!"

வீட்டு வாசலில் பூபாலன் இறங்கினான். மாலை கசங்கக் கூடாது என்று பின்பக்கமாக வளைக்குள் நுழைந்தான். பாதி போனான். அப்புறம் போகவில்லை. வெளியேயும் வரவில்லை.

உள்ளே படுத்திருந்த அவன் அப்பா சடையன் கத்தினான். "யாருடி அது வெளிச்சத்தை மறைக்கிறது?"

"உம்ம பிள்ளைதான்யா! உள்ளேயிருந்து தள்ளும்!"

அப்பா தள்ளினான். அம்மா இழுத்தாள். மாலைதான் அறுந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா. வாயில ஒரு உருண்டை வை."

ஊர்க் கூட்டம் கூடியது. ஆண்டியப்பன்தான் முதலில் பேசினான். "பாகு உருண்டையை நிறுத்துங்க. புல்லும் கீரையும் குடுங்க. பிள்ளைங்களை வெயில்ல நாலு குதி குதிக்க விடுங்க. வளை எப்பவும் போலத்தானே இருக்கு!"

"பிள்ளைப் பகைவன்! வெளியேறு!" என்று கூட்டம் கொதித்தது.

நல்லமுத்து எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தாய்மார்களே! குற்றம் பிள்ளை மேல் இல்லை!"

அது உண்மை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"குற்றம் வாசல் மேல்!"

அதற்கும் கைதட்டினார்கள். பாதி உண்மையைக் காட்டி முழுப் பொய்யை விற்பது மேடைக்கு ஒன்றும் புதிதல்ல.

வளைக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அதன் முன்னால் கறுப்புக் கொடி நட்டார்கள். வளை பதில் பேசவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். தாழை முன்னே நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"அகலமாக்கு! அகலமாக்கு!"

"வாசலை அகலமாக்கு!"

எவ்வளவு அகலம் என்று ஒரு குழப்பம் வந்தது. அதையும் நல்லமுத்துவே தீர்த்தான். "என் தோளை அளவா வெச்சுக்குங்க, தாழையக்கா. நான் நுழைஞ்சா எந்தப் பிள்ளையும் நுழைவான்."

"எவ்வளவு பெரிய மனசு!" என்று தாய்மார்கள் உருகினார்கள்.

தாழை தன் கையாலேயே தோண்டினாள். மண் உதிர்ந்ததும் பூபாலன் பொத்தென்று வெளியே விழுந்தான். நரி அளவு பார்க்க மூக்கை நுழைத்தான். பிறகு கழுத்தை நுழைத்தான்.

"இடிக்குதே அக்கா. இன்னும் கொஞ்சம்."

தாழை இன்னும் கொஞ்சம் தோண்டினாள். தோள் உள்ளே போனது.

உள்ளேயிருந்து சடையனின் குரல் வந்தது. "டேய் பூபாலா, உன் வாயில எப்படா இவ்வளவு பல்லு முளைச்சுது?"

தாழைக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல் குறுகலாக இருந்ததால்தான் இத்தனை காலம் கண்மூடித் தூங்கியிருக்கிறாள். அந்த வாசலுக்கு எதிராகவா கொடி பிடித்தாள்?

"மண்ணைத் தள்ளுங்கடி! மூடுங்கடி!" என்று அலறிக்கொண்டே திரும்பி நின்று பின்னங்காலால் உதைத்தாள். மற்றத் தாய்மார்களும் உதைத்தார்கள். சடையன் உள்ளேயிருந்து நரியின் மூக்கைக் கடித்தான்.

கண்ணெல்லாம் மண்ணோடு நரி வெளியே பிய்த்துக்கொண்டு வந்தான். குட்டிகள் எதிரே பந்தலடியில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன.

"ஓடுங்கடா!" என்று கத்தினாள் தாழை.

"ஆமை எங்கேம்மா?" என்று கேட்டான் பூபாலன்.

நரி பாய்ந்தான். கண் தெரியவில்லை. குட்டி என்று நினைத்துப் பந்தல் காலைக் கடித்தான். பந்தல் சரிந்து தலையில் விழுந்தது. அதையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போனான். அவன் கண்ணில் மண் விழாமல் இருந்திருந்தால் அன்றோடு பூபாலன் கதை முடிந்திருக்கும். அந்த நினைப்பு தாழையை விடவில்லை.

முயல்கள் அந்த வாசலைப் பழையபடி குறுக்கின. பூபாலன் வெளியேதான் இருக்க வேண்டியதாயிற்று. சுற்றிலும் முள் அடைத்துத் தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள்.

விடிந்ததும் தாழை அறுகம்புல்லை வாயில் கவ்விக்கொண்டு முன்னால் ஓடுவாள். பூபாலன் பின்னால் வருவான். இரண்டு குதி குதிப்பான், உட்காருவான், அழுவான்.

"உனக்கு என் மேல பாசமே இல்ல!"

"இருக்குடா. அதனாலதான் ஓடுறேன். எனக்கும் மூச்சு வாங்குது பாரு!"

அதைக் கண்டு அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துரத்தினான். பிறகு மற்றக் குட்டிகளும் துரத்தின. புல்லும் பொன்னாங்கண்ணியும் ருசிக்கத் தொடங்கின. நாவல் கிளையில் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஆமையின் கால்கள் வெளியே வந்தன.

ஒரு காலையில் நல்லமுத்து புதரிலிருந்து பாய்ந்தான். இப்போது அவன் கண்ணில் மண் இல்லை.

தாழை கத்துவதற்குள் பூபாலன் வெட்டி வெட்டி ஓடினான். இடம் போனான், வலம் போனான், சர்ரென்று வளைக்குள் போனான். தாழையும் பின்னாலேயே நுழைந்தாள். நரியின் மூக்கு வாசல் விளிம்பில் போய் இடித்தது.

"வாசல் ரொம்பக் குறுகலா இருக்கே, தாழையக்கா!" என்று நரி கெஞ்சினான். "பிள்ளைக்குக் கஷ்டமா இல்லையா?"

"உள்ளே வந்தவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வெளியே நிக்கிறவனுக்குத்தான்!" என்றாள் தாழை.

சத்தான உணவையும் ஓடியாடும் கால்களையும் பிள்ளைக்குக் கொடுக்காமல், அதன் வயிற்றுக்குத் தக்கபடி வாசலை அகலமாக்கும் ஊர், பகைவனுக்கும் சேர்த்தே வழி திறந்துவிடுகிறது.