ராஜா பட்டினி கிடந்த வேத வழக்கு

முன்னொரு காலத்தில் வலம்புரி நாட்டைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். அவனைச் சமாளிப்பதற்குள் அமைச்சர் அழகியநம்பிக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அந்தச் சமயம் மேற்குக் கடல் தாண்டி சில்வேஸ்தர் என்றொரு பாதிரியார் வந்து சேர்ந்தார். அவர் பேச்சில் ராஜா சொக்கிப்போனான். ஆஸ்தானப் பண்டிதர் சர்வோத்தமருக்கோ வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, அமைச்சர் பதவியில் தன் மைத்துனனை உட்காரவைக்க வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். இரண்டு பேரையும் சேர்த்துக் கவிழ்க்க வழி தேடினார்.

ஒருநாள் காலை சபையில் எழுந்தார். “மன்னா! எங்கள் வேதம் எவராலும் எழுதப்படாதது. அதை ஓதலாம், கேட்கலாம். மனித அறிவைக் கலக்கக் கூடாது. இந்தப் பாதிரியாரோ தம் வேதத்தைத் தர்க்கம் பண்ணியே நீர்த்துப்போகச் செய்கிறவர்!”

“அபாண்டம்!” என்றார் பாதிரியார். “எங்கள் வேதம் ஆண்டவர் தந்தது. அதில் என் அறிவை ஒரு துளியும் கலந்ததில்லை.”

ராஜாவுக்கு உற்சாகம் பொங்கியது. “அப்படியா? அறிவைக் கலக்கிறவர் நாட்டை விட்டுப் போகட்டும்! நம்பி, யாரென்று நீர் சொல்லும். தீர்ப்பு தவறினால் உம் பதவி காலி.”

நம்பி மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பண்டிதரைச் சொன்னால் ஊரே எதிர்க்கும். பாதிரியாரைச் சொன்னால், பேச ஆளில்லையே என்று ராஜாவே நாளைக்கு நம்பி மேல் பாய்வான். எப்படிப் பார்த்தாலும் பதவி போகும்.

“யாரும் நழுவிவிடாமல் ஓர் ஆணை போடுங்கள், மன்னா,” என்று பண்டிதர் எடுத்துக்கொடுத்தார். ராஜா சொல்லச் சொல்ல, ராயசக்காரன் ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

நம்பி அதை வாங்கி வாசல் காவலனுக்குப் படித்துக் காட்டினார்: “வழக்காடுவோர்க்கு நாம் இடும் ஆணை. மறு ஓலை வரும்வரை எவரும் சபையை விட்டு வெளியேறக் கூடாது. மீறும் வழக்காளிக்குச் சிறை.”

“எழுத்துக்கு எழுத்து நிறைவேற்று. உன் அறிவைக் கலந்தாயோ, தொலைந்தாய்!” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி யோசிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

உச்சிப்பொழுது வந்தது. மடைப்பள்ளியிலிருந்து வாழைப்பூ வடை மணத்தது. ராஜா எழுந்தான். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“மன்னிக்கணும் மகாராசா. ‘எவரும்’னு இருக்கு.”

“மடையா! நான் ராஜா!”

“‘ராஜா நீங்கலாக’ன்னு இல்லீங்களே. மறு ஓலை வரட்டுங்க.”

“எழுதுகிறவன் வெளியே இருக்கிறான், நான் உள்ளே இருக்கிறேனே!”

பண்டிதர் பதறி ஓடிவந்தார். “அடேய், தொடக்கத்தைப் பார், முடிவைப் பார்! இரண்டிலும் வழக்காடுகிறவர்கள்தானே வருகிறார்கள்? நடுவில் உள்ள ‘எவரும்’ அவர்கள்தான். வேதத்துக்கே இப்படித்தானடா பொருள் கொள்கிறோம்!”

“அவ்வளவு சுற்றுவானேன்?” என்றார் பாதிரியார். “எழுதச் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார்? நாங்கள் ஓடக் கூடாதென்று சொன்னார். தம்மையே பட்டினி போடுவாரா? எங்கள் வேதத்தையும் நாங்கள் இப்படித்தான் வாசிக்கிறோம்.”

நம்பி கண்ணைத் திறந்தார். “தீர்ப்பு தயார், மன்னா. பண்டிதரின் வேதத்துக்கு எழுதியவர் இல்லை. அதனால் அவர் சொல்லைச் சொல்லோடு பொருத்திப் பார்க்கிறார். பாதிரியார் தந்தவரின் மனத்தைத் தேடுகிறார். வழிதான் வேறு. இருவரும் நடப்பது அறிவின் காலால்தான். அறிவைக் கலக்காமல் வாசித்தவன் இங்கே ஒருவனே.” காவலனைக் காட்டினார். “அவனால்தான் தாங்கள் பட்டினி.”

“அப்படியானால் இரண்டு பேரையும் நாடு கடத்த வேண்டுமே?”

“கடத்தலாம், மன்னா. அப்புறம் தங்கள் ஓலைகளுக்கு இந்தக் காவலன்தான் பொருள் சொல்வான்.”

“ஐயோ, வேண்டாமப்பா!” ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டான். நம்பி சைகை காட்ட, காவலன் ஈட்டியை விலக்கினான். ராஜா சபையைப் பார்த்தான்.

“மறு ஓலை எழுத நேரமில்லை, வடை ஆறுகிறது. அறிவைக் கலந்து வாசிப்பவர்கள் என்னோடு சாப்பிட வரலாம். கலக்காதவர்கள் ஓலை வரும்வரை இங்கேயே இருக்கலாம்.”

ராஜாவுக்கும் முன்னால் வாசலைத் தாண்டியவர் சர்வோத்தம பண்டிதர்.