பிச்சைக்கனியின் முன்கை

இருதயராஜுக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லைக் கையில் பிடித்தபடி, கதவைத் தட்டாமலே வாகீஸ்வரியின் அறைக்குள் நுழைந்தார். அவள்தான் அவருக்கு ஆசிரியை. வயதில் இவர் மூத்தவர். நோய்க்கூற்றியல் படிக்கப் பிந்தி வந்த டாக்டர்.

"மேடம், பிச்சைக்கனியோட முன்கைக் கட்டி. புற்றுதான்."

பிச்சைக்கனி தையல்காரி. கட்டி கிடுகிடுவென்று நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. புற்றென்றால் சுற்றியுள்ள சதையோடு நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். அப்புறம் அந்தக் கை ஊசி பிடிக்காது. வெட்டப்போகிற சர்ஜன் மாசிலாமணி பதிலுக்குக் காத்திருந்தார்.

அந்த மாசிலாமணிதான் நாலு பேர் முன்னால் இவரைச் 'சாயம் முக்குறவர்' என்றவர். இருதயராஜ் அதை மறக்கிற ஆள் இல்லை. இன்று அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

"எதை வச்சு புற்றுங்கிறீங்க?"

"செல்லுக்குள்ள 'வளரு'ன்னு சேதி கொண்டுபோற புரதம் இருக்குல்ல? அதுக்குச் சாயம் போட்டேன். எங்க பார்த்தாலும் பழுப்பு."

அவர் நீட்டிய சில்லை அவள் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு சில்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

"இதைச் சொல்லுங்க."

குனிந்தார். "அதே சாயம். பழுப்பு இன்னும் அடர்த்தி. இதுவும் புற்றுதான். ஆள் இருக்கா, போயிருச்சா?"

"உங்க எதிர்லதான் நிக்கிறேன். என் வயித்து ஆபரேஷன் புண் ஆறிக்கிட்டு இருந்தப்போ எடுத்த சதை."

இருதயராஜ் நிமிரவில்லை.

"பிச்சைக்கனியோட சாதாரணச் சாயம் போட்ட சில்லு, ஊதாவும் ரோஸும், அதைப் பார்த்தீங்களா?"

"பழுப்பு வந்ததும்... அதை எடுக்கலை."

"எடுங்க."

கொண்டுவந்து வைத்தார். செல்கள் தளர்வாக, ஒன்றைப்போல் ஒன்று கிடந்தன. புற்றுச் செல்லின் முரட்டு முகம் ஒன்றுகூட இல்லை. ஆறுகிற புண்ணைப் பார்த்த மாதிரியே இருந்தது.

தொலைபேசி அடித்தது. இருதயராஜ் எடுத்தார். மாசிலாமணி.

"என்னய்யா, சாயம் காஞ்சுதா?"

"வெட்டாதீங்க சார். கொஞ்ச நாள் பார்ப்போம். தானா வத்துற கட்டி மாதிரி தெரியுது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இருதயராஜின் காது சிவந்தது. வைத்துவிட்டும் உட்கார முடியவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார்.

"புற்றுக்கும் 'வளரு'ன்னுதான் சேதி, புண்ணுக்கும் அதே சேதி. பின்ன புற்றுன்னா என்னதான் மேடம்?"

"புண்ணும் வளரும், டாக்டர். ஆறினதும் நிறுத்திக்கும்."

"நிறுத்தலைன்னா?"

"அதைத்தான் கேட்டீங்க."