பச்சைத் தக்காளிக் கூட்டு

"இன்னும் எவ்வளவு காலம் ஆகும் சாமி?" என்று கேட்டாள் அன்னத்தாய்.

"எதுக்கும்மா?"

"என் கோபம் தீர."

சின்னச்சாமி தோட்டத்து வரப்பில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. காற்றும் இல்லை. அந்த மலையில் மார்கழி வானம் இப்படித் துடைத்து வைத்தாற்போல் கிடந்தால், விடியும்போது உறைபனி விழும்.

மடத்துத் தலைவர் என்று பெயரே தவிர, அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அன்னத்தாய் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். வந்த புதிதில், மகன் வயசுப் பையன் காலில் விழுவதா என்று அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அது பழகிவிட்டது. கோபம்தான் போகிற வழியைக் காணோம்.

கோபம் அக்கா பூங்காவனத்தின் மேல்.

அக்கா தங்கைக்குள் ஏதோ உப்புப் பெறாத விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த சமயம். அம்மா செத்துப்போனாள். அக்கா தகவல் சொல்லவில்லை. யாரோ சொல்லக் கேட்டு அன்னத்தாய் ஓடிப்போய் நின்றபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது அந்த அக்கா பெரியகுளத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பக்கவாதம். அக்கா மகன் போனில் அழுதான்.

"நாக்குக் குழறுது சித்தி. அதுலயும் உன் பேரைத்தான் சொல்லுது. இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அதைத்தான் அன்னத்தாய் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போக ஆசைதான் சாமி. ஆனா நெஞ்சுக்குள்ள இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது? அது பொய்யில்ல? சுத்தமா மன்னிச்சுட்டுத்தான் அவ மூஞ்சியில முழிக்கணும். அதுக்குத்தான் தினமும் இருட்டோட எந்திரிச்சுத் தியானத்துல உக்கார்றேன். கண்ணை மூடினா அந்தக் கழுவிவிட்ட வாசல்தான் வருது."

"தக்காளியை இன்னைக்கே பறிச்சிடுங்கம்மா," என்றார் சாமி. "பிஞ்சு, காய் ஒண்ணு விடாம."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"பனி வருதும்மா."

அவர் போய்விட்டார்.

அன்னத்தாய் முணுமுணுத்துக்கொண்டே கூடையை எடுத்தாள். நாற்று விட்டதிலிருந்து அவள் கையால் வளர்த்த செடிகள். பாதிக் காய் இன்னும் பச்சையாகத்தான் நின்றது. பறித்து அரிசிப் பானைக்குள் போட்டுப் பழுக்க வைக்கலாம் என்றால் அந்தக் குளிரில் அதுவும் நடக்காது. போன வருஷம் செய்து பார்த்து, அழுகல் நாற்றம் பிடித்த அரிசியையும் சேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

குட்டைக் காய், கோணல் காய், பிஞ்சு எல்லாவற்றையும் பறித்தாள். பெரிய காய்களிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. நல்ல பருமன். அடியில் லேசாக வெளுத்திருந்தது. நாலு நாள் வெயில் பட்டால் ரத்தச் சிவப்பாகப் பழுத்துவிடும். இதைப் போய்ப் பச்சையாகப் பறிப்பார்களா? சாமிக்குப் பூசை தெரியும், தோட்டம் என்ன தெரியும்?

பழைய சாக்குகளைக் கொண்டுவந்து அந்தச் செடிகளின் மேல் பத்திரமாகப் போர்த்திவிட்டுப் போனாள்.

காலையில் புல்வெளி முழுக்க வெள்ளை. சாக்குகள் பலகையாய் விறைத்திருந்தன. அன்னத்தாய் ஒன்றைத் தூக்கினாள். காய்கள் பளபளவென்று நேற்றைவிட அழகாக இருந்தன. அவளுக்கு உயிர் வந்தது.

வெயில் ஏறியது. காய்கள் ஒவ்வொன்றாகக் கொழகொழத்துத் தொங்கின. ஒன்றைத் தாங்கிப் பிடித்தாள். தோல் கழன்று கைக்குள் தண்ணீராய் வழிந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சமையற்கட்டில் சாமி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து பச்சைத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெருசெல்லாம் போச்சு சாமி."

"விட்டு வெச்சீங்களா?"

"பழுக்கட்டும்னு பார்த்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பாசிப்பருப்பை அடுப்புல போடுங்கம்மா," என்றார்.

பருப்பு குழைந்தது. காயைப் போட்டு வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றினார். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார்.

"புளி கரைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அதுலயே இருக்கு."

மதியம் பந்தியில் எல்லாரும் கூட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். அன்னத்தாய் ஒரு வாய் வைத்தாள். சுருக்கென்று நாக்கு கூசியது. அடுத்த வாய்க்குக் கை தானாகவே போனது.

பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினாள். ஜன்னல் வழியே தோட்டம் தெரிந்தது. அந்தப் பெரிய காய்கள் செடியிலேயே தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்றார் சாமி.

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பெரியகுளம் பஸ்ஸு எப்ப சாமி?"

"ரெண்டு மணிக்கு. கோபம் தீந்துடுச்சாம்மா?"

"எங்க தீந்துச்சு? அப்படியேதான் இருக்கு."

"அதோட போய் என்ன செய்வீங்க?"

"தலைமாட்டுல உக்காந்து, ஏன்டி அப்படிப் பண்ணுனேன்னு நல்லா நாலு கேள்வி கேப்பேன்." குனிந்து செருப்பை மாட்டினாள். கண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது, துடைக்கவில்லை. "கேட்டுட்டு, அவ தலையப் பிரிச்சுச் சீவி விடுவேன். படுத்தே கிடக்கிறவளுக்குச் சிக்கு விழுந்திருக்கும் சாமி."