வாங்காத வீடு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், நாட்டின் பெயர் எதற்கு, ராஜாவுக்கு அரிப்பு வந்தது. முதுகில் ஆரம்பித்துத் தோளுக்கு ஏறிக் கழுத்தில் வந்து நின்றது. சிம்மாசனத்தில் உட்கார்ந்து சொறிவது அழகில்லை. சொறியாமல் தீர்ப்புச் சொல்லவும் முடியவில்லை. அந்த ஒரு மாதத்துத் தீர்ப்புகள் எல்லாம் கடுமையாகவே இருந்தன. சபையில் யாரும் ராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். கை முதுகுப் பக்கம் போனால் எவனோ ஒருவனுக்குக் கெட்ட காலம்.

அரண்மனைக்கு வேண்டிய பூச்சுப்பொடி, வாசனைத் தைலம், சாயப்பட்டு எல்லாம் தூர தேசங்களிலிருந்து வந்தன. வரவழைக்கிறவர் உக்கிராண அதிகாரி பூதலிங்கம். உக்கிராணம் என்பது அரண்மனையின் சாமான் அறை. அதன் சாவி இருபது வருஷமாக அவர் இடுப்பில் தொங்கியது. அரிப்புக்கு அவர் வரவழைத்த ஏழு தைலங்களில் ஏழும் அரிப்பை அதிகமாக்கின.

அந்தச் சபையில் நல்லாண்டான் என்றொரு விகடகவி இருந்தான். சிரிக்க வைப்பது அவன் வேலை. ஒரு நாள் வாழையிலையில் மடித்த பொடி ஒன்றைக் கொண்டுவந்து ராஜாவிடம் கொடுத்தான். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த வேப்பிலை மூன்றையும் சேர்த்து அவன் மனைவி ஆவுடைச்சி இடித்துச் சலித்த பொடி. ஐந்து நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்தது.

"இது எந்த தேசத்துச் சரக்கு?" என்று ராஜா கேட்டார். 

"என் வீட்டு உரல் தேசம், மகாராஜா."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. மேலே கேட்டார். நல்லாண்டான் சொல்லிக்கொண்டே போனான். பல் துலக்க உமிக்கரி. துணிக்குப் பூந்திக்கொட்டை. பாத்திரத்துக்குச் சாம்பலும் புளிச்சக்கையும். கொசுவுக்கு நொச்சிப் புகை. அகப்பைக்குக் கொட்டாங்குச்சி. விளக்குக்குக் கொல்லையில் விளைந்த ஆமணக்கின் எண்ணெய், திரிக்குக் கிழிந்த வேட்டி. சபை தலையாட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தலையாட்டுகிற சபையைப் பார்த்தால் விகடகவிக்கு நிறுத்தத் தெரியாது.

"சுருக்கமாகச் சொன்னால், மகாராஜா, என் வீட்டில் வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது" என்றான்.

"நாளை முதல் அரண்மனையிலும் அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பூதலிங்கத்தின் இடுப்பில் சாவி சட்டென்று கனமில்லாமல் போனது. அவர் எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, நாடே பின்பற்றப் போகிற காரியம். அதற்கு முன் விகடகவியார் சொன்னது மெய்யா என்று ஒருமுறை அவர் வீட்டைப் பார்த்துவிடுவது நல்லதல்லவா? மெய்யாக இருந்தால் அவருக்குத்தான் பெருமை."

"பொய்யாக இருந்தால்?"

"அதை அடியேன் சொல்ல வேண்டுமா? மகாராஜாவின் பாட்டனார் எழுதிவைத்திருக்கிறார். சபையில் பொய் சொன்னவனுக்கு நாக்கு கிடையாது."

ராஜாவின் கை மெல்ல முதுகுப் பக்கம் போனது. மிச்சமிருந்த பாதி அரிப்பு அந்த நேரம் பார்த்து எழுந்திருக்க வேண்டும்.

"நாளை மறுநாள் உச்சிப்பொழுதில் நானே வருகிறேன்" என்றார்.

நல்லாண்டான் வீட்டுக்கு வந்தபோது முன்வாசலில் இரண்டு காவலர்களும் கொல்லைப்பக்கம் இரண்டு காவலர்களும் நின்றார்கள். எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்று பூதலிங்கம் முந்திக்கொண்டு ஆள் அனுப்பியிருந்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை மூலை மூலையாகப் பார்த்தார்கள். பானை அவளே வனைந்தது. துணி அவள் நூற்று அவன் நெய்தது. அம்மியும் அரிவாள்மணையும் அவள் அப்பா சீராகக் கொடுத்தவை. பாய், முறம், விசிறி எல்லாம் கொல்லைப் பனை. நல்லாண்டானுக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்ல. நான் சொன்னது சரியாத்தான் இருக்கு."

ஆவுடைச்சி அடுப்பங்கரையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"உப்பு."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடல் அங்கிருந்து பன்னிரண்டு நாள் பயணம். உப்பு வண்டி வருஷத்துக்கு ஒருமுறை வரும். வாங்கிக் கொட்டிவைப்பார்கள். தினம் மூன்று வேளை நாக்கில் படுகிற பொருள், அந்த நாக்கு அதை மறந்துவிட்டது.

"தண்ணியில கரைச்சிடலாம்" என்றான்.

"பானையில இருக்கிற உப்பக் கரைக்கலாம். ஊறுகாயில இருக்கிறத? மோர்மிளகாயில, வடகத்துல, நாரத்தங்காயில இருக்கிறத? எப்படி எடுப்பீங்க, நக்கியா?"

"எல்லாத்தையும் புதைச்சிடலாம்."

"கொல்லையில நிக்கிறவன் வேடிக்க பாப்பானா? பதினோரு ஜாடி. அதப் புதைச்சா வருஷம் பூரா எதத் தொட்டுக்கிட்டுத் திங்கிறது? நாக்கு இருந்தும் பிரயோசனமில்ல."

மறுநாள் முழுக்க அவன் நடந்தான். கூடத்திலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து கூடம். சோறு இறங்கவில்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தான். வலித்தது. நாக்கில்லாத விகடகவியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஊமைக்கூத்து ஆடலாம். நாக்கு போன கதையை ஊமையாக நடித்துக் காட்டினால் பூதலிங்கம் கைதட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

"நாம ஓடிப்போயிட்டா?" என்றான்.

"வாசல்ல ஆள் நிக்குது."

"ராஜா கால்ல விழுந்துட்டா?"

"விழுங்க. கை முதுகுல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மறுபடி நடந்தான். ஆவுடைச்சி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு இடத்துல உக்காருங்க. நடந்து நடந்து என் உயிர வாங்காதீங்க."

நல்லாண்டான் நின்றுவிட்டான்.

"என்ன சொன்ன?"

"உக்காருங்கன்னேன்."

"அதுக்குப் பொறவு."

"உயிர வாங்காதீங்கன்னேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போய், இலையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு நாளில் அன்றுதான் சாப்பிட்டான். வழி தெரிந்துவிட்டது. ராஜா அந்த வழியில் வருவாரா என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவன் சபைக்குப் போய்க் கும்பிட்டான்.

"மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். சோதனைக்கு வருகிறவர்களில் எவராவது மடியில் எதையாவது மறைத்துக் கொண்டுவந்து என் வீட்டில் போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் வாங்கியது எதுவும், யாருடையதானாலும், என் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்."

"நியாயம்" என்றார் ராஜா.

பூதலிங்கம் இன்னும் சந்தோஷமாக எழுந்தார். உப்பு வாங்காத வீடே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்; அதை யாரோ கொண்டுவந்து போட்டது என்று இவன் சாக்கு ஜோடிக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது. அந்த ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும்.

"மீறித் தாண்டுகிறவர் எவராக இருந்தாலும் அவருக்கும் அதே தண்டனை என்று சேர்த்துக்கொள்ளலாம், மகாராஜா."

"சேர்த்துக்கொள்" என்றார் ராஜா. ஓலையில் எழுதியாயிற்று.

நல்லாண்டான் வீடு ஒரு குன்றின் மேல் இருந்தது. எழுபது படி. ராஜா பல்லக்கில் வந்தார். பூதலிங்கம் பல்லக்குக்கு முன்னால் ஓடியே ஏறினார். உப்புப் பானையை முதலில் தொடுகிற கை தன் கையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாசலுக்கு வந்து நிற்கும்போது மார்பு ஏறி இறங்கியது. கால் படிக்கு மேலே தூக்கியபடி இருந்தது. பின்னாலேயே பல்லக்கும் வந்து நின்றது.

"நில்லுங்கள், உக்கிராணத்தாரே" என்றான் நல்லாண்டான். "என்ன, உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குகிறது?"

"எழுபது படி ஏறினால் வாங்காதா?"

"மகாராஜா கேட்டுக்கொள்ள வேண்டும். இவரே ஒப்புக்கொள்கிறார். வாங்கிய மூச்சு உள்ளே வரக் கூடாது."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பூதலிங்கம் அதை மெதுவாகப் பின்னால் வைத்தார். மூச்சு அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ராஜா பல்லக்கிலிருந்து இறங்கினார். அவர் சிரிக்கவில்லை. கை கழுத்தருகே இருந்தது.

"இப்போது மூச்சு சரியாகிவிட்டது" என்றார் பூதலிங்கம். 

"நல்லது. சோதனை போட உத்தரவு இருக்கிறதா?"

"மகாராஜாவிடமே வாங்கியிருக்கிறேன்."

"வாங்கிய உத்தரவை வெளியே வைத்துவிடுங்கள். அதிகாரிப் பதவியும் மகாராஜாவிடம் வாங்கியதுதானே? அதையும் இந்தக் கல்லின் மேல் வையுங்கள். சபையில் இருபது வருஷமாகப் பெரிய பெயர் வாங்கியிருக்கிறீர்கள். அதையும் வைத்துவிட்டால் தாராளமாக உள்ளே வரலாம். உத்தரவு இல்லாமல், பதவி இல்லாமல், பெயரும் இல்லாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைகிறவனை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்."

"மகாராஜா, இது வெறும் வார்த்தை விளையாட்டு."

"விகடகவியிடம் வேறென்ன விளையாட்டு இருக்கும்? மீறித் தாண்டினால் நாக்கு போகும் என்று சேர்த்து எழுதச் சொன்னவர் நீங்கள்தானே?"

பூதலிங்கம் வாசற்படியைப் பார்த்தார். ஓலையைப் பிடித்திருந்த எழுத்தரைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் நானே போகிறேன்" என்றார் ராஜா. 

இனி விளையாட்டு இல்லை. ஆனாலும் நல்லாண்டான் சொன்னான்.

"மகாராஜாவின் உடம்பிலிருக்கும் சாயப்பட்டு தூர தேசத்தில் வாங்கியது. முடி, பட்டாபிஷேகத்தன்று ராஜகுருவின் கையால் வாங்கியது. இரண்டையும் கழற்றிவிட்டு வருகிறவர் எங்கள் விருந்தாளி. விருந்தாளி வீட்டைச் சோதனை போடுவதில்லை. சாப்பிடுவார்."

ராஜாவின் கை கழுத்திலிருந்து நகர்ந்தது. முதுகுக்கா? கை மேலே போனது. முடியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தது.

ஆவுடைச்சி நெய்த வேட்டி ஒன்றை நல்லாண்டான் நீட்டினான். பல்லக்கு மறைவில் அதைக் கட்டிக்கொண்டு ராஜா உள்ளே போனார். பாயில் உட்கார்ந்தார். முன்னால் கஞ்சியும் நாரத்தங்காயும் வந்தன. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். நாரத்தங்காயைக் கடித்தார்.

"உப்பு சரியாக இருக்கிறது" என்றார். 

அடுப்பங்கரையில் ஆவுடைச்சியின் கையிலிருந்த அகப்பை பானையில் மோதிச் சத்தமிட்டது.

"கடல் பன்னிரண்டு நாள் பயணம்" என்றார் ராஜா. "உன் உரல் தேசத்தில் கடல் உண்டா, நல்லாண்டான்?"

இதற்கும் ஒரு பதில் இருந்தது. நல்லாண்டான் அதைச் சொல்லவில்லை.

"இல்லை. உப்பு வாங்கியதுதான். சபை தலையாட்டியதும் மறந்துபோய் வாய் நீண்டுவிட்டது."

"இதை யாரிடம் சொல்கிறாய்?"

"விருந்தாளியிடம்."

ராஜா கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். அந்த நேரம் முழுவதும் நல்லாண்டான் தன் நாக்கை வாய்க்குள் தடவிக்கொண்டே இருந்தான். வந்து உட்கார்ந்ததிலிருந்து ராஜா ஒருமுறைகூடச் சொறியவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. ராஜா கவனித்திருந்தார்.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. வாசலில் நின்றவர்களுக்கு உள்ளேயிருந்து ராஜா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றரை மாதத்தில் முதல் சிரிப்பு.

வெளியே வந்து முடியைத் தலையில் வைத்துக்கொண்டார். வேட்டியை மாற்றவில்லை.

"நல்லாண்டான், பரிசு வாங்கிக்கொள்."

"வாங்க முடியாது, மகாராஜா."

"சரி, எடுத்துக்கொள். வருஷத்துக்கு இரண்டு மூட்டை உப்பு என் உக்கிராணத்திலிருந்து வரும். இனி உன் வீட்டில் வாங்கிய பொருள் ஒன்றும் இருக்காது. சபையில் சொன்னாயே, அது பொய் இல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டாய், அவ்வளவுதான். மூட்டையைப் பூதலிங்கம் தன் தோளில் கொண்டுவருவார்."

மறுநாளே கொண்டுவந்தார். எழுபது படி. வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவரை ஆவுடைச்சி பார்த்தாள். வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. 

"வாங்க" என்றாள்.

பூதலிங்கம் ஓரடி பின்னால் போனார்.

"வாங்கவா, வரவா, தாயி? தெளிவாச் சொல்லிடு" என்றார்.

அந்த நாட்டில் அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு யார் போனாலும் "வரலாம்" என்றுதான் கூப்பிட்டார்கள் என்கிறார்கள். ராஜா அதன்பின் சாயப்பட்டு உடுத்தவில்லை; அரிப்பும் திரும்பி வரவே இல்லை. நல்லாண்டான் மட்டும் எதைச் சொல்வதற்கு முன்னாலும் நாக்கு இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான்.