பிரேக் நல்லாத்தான் இருக்கு

"எந்த பிரேக் போட்டா என் பொண்ணு மறுபடி வண்டியில ஏறுவா, மாஸ்டர்?"

பூபாலன் வந்ததும் கேட்டது இதுதான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

சலேத் மாஸ்டர் நிமிரவில்லை. யாருடைய வண்டியின் பிரேக் டிரம்மையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் அவள் கடை. பிரேக் வேலை மட்டும்தான். பஞ்சர் ஒட்ட மாட்டாள், ஆயில் மாற்ற மாட்டாள். மேலிருந்து இறங்குகிற வண்டிகளுக்கு பிரேக் சூடேறிப் புகை வருவது சரியாக அந்த இடத்தில்தான். அதனால் கடையை அங்கே போட்டாள்.

அவளுக்கு முப்பது வயசு. பூபாலனுக்கு நாற்பத்தாறு. ஆனாலும் அவள்தான் மாஸ்டர். லாரி டிரைவர்களே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பொண்ணு ஏன் ஏற மாட்டேங்குது?"

"பயம்."

"எதைப் பார்த்து?"

"பிரேக்கைத்தான். வேற எதை?"

நடந்ததை அவனே சொன்னான்.

ரெண்டு மாசம் முன்னால். பதினாலாவது வளைவு. இதே வண்டியில் மூணு பேர் இறங்கி வந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தடுப்புச் சுவரில் மோதியது. பின்னால் இருந்த அவன் மனைவி இந்திராணி சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாள். பள்ளத்திலிருந்து மேலே தூக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. தூக்கியும் பிரயோஜனமில்லை. நடுவில் இருந்த மகள் தாரணிக்குத் தோள் எலும்பு உடைந்தது.

"உங்களுக்கு?"

"முழங்கையில சிராய்ப்பு."



"பிரேக் ஃபெயிலியர், மாஸ்டர். போலீஸே அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"யார் சொல்லி எழுதினாங்க?"

"நான்தான் சொன்னேன். வேற யாரு இருந்தா சொல்ல?"

மாஸ்டர் துணியை உதறினாள்.

"எலும்பு கூடிருச்சு," என்றான். "பத்தாவது படிக்கிறா. எங்க ஊருக்கு பஸ் வர்றதே பத்து மணிக்குத்தான். நான்தான் கொண்டுபோய் விடணும். திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா பேரை எடுத்துடுவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. நல்ல பிரேக்கா போடுறேன், ஏறுவியான்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு மாசமா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"டவுன்ல மூணு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தன் முன்னாடி புது டிஸ்க் போடுங்கறான். ஃபோர்க்கு, வீலு எல்லாம் மாத்தணுமாம். அதுக்கு வேற வண்டியே வாங்கிடலாம். இன்னொருத்தன் பெரிய டிரம் போடலாம்கறான், பழகிப் பார்த்துட்டு சொல்லுங்கறான். இரும்புக் கடையில பழைய டிஸ்க் செட்டு ஒண்ணு கிடக்கு. எனக்குக் கட்டுப்படியாகறது அதுதான்."

"எந்த வண்டியோடது?"

"ஆக்சிடென்ட்ல போன வண்டி."

"ஓட்டினவரு?"

"அவரும் போயிட்டாராம்."

"ரொம்ப நல்ல பிரேக்கா இருக்கும்போல."

பூபாலனுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். போகவில்லை. அதற்குமேல் போக அவனுக்குக் கடை இல்லை.

மாஸ்டர் எழுந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். முன் சக்கரத்தைக் கழற்றினாள். பின் சக்கரத்தையும் கழற்றினாள். உள்ளே உரசி நிறுத்துகிற பிரேக் ஷூ ரெண்டு ஜோடியையும் ஒரு சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்கண்ணா."

பார்த்தான். பின் சக்கரத்தோடது கருகி, விரிசல் விட்டு, இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. முன் சக்கரத்தோடதில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை.

"இது எப்ப மாத்தினது?"

"முன்னாடியா? மாத்தவே இல்ல. வண்டி வாங்கி எட்டு வருஷம், அதேதான்." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "முன் பிரேக்கை நான் தொடவே மாட்டேன் மாஸ்டர். தொட்டா தூக்கி அடிச்சிரும். எங்கப்பா எனக்கு வண்டி கத்துக் குடுக்கும்போதே கேபிளை லூசாக்கித்தான் குடுத்தாரு. தெரியாமக்கூட பிடிச்சிடக் கூடாதுன்னு. இதை வாங்கினதும் நானும் லூசாக்கிட்டேன்."

"அப்பா எந்த ஊரு?"

"கீழ. வயக்காட்டுப் பக்கம். ஏன்?"

"அங்க மேடு பள்ளம் உண்டா?"

"வரப்பு உண்டு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

பின்னால் புது ஷூ போட்டாள். முன்னால் உள்ளதையே தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினாள். புது கேபிள் ஒன்று போட்டு இழுத்துக் கட்டினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"டிஸ்க்?"

"வேணாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. நிறையச் செலவாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. செலவானால் ஏதோ செய்த மாதிரி இருக்கும்.

"ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுப் பாருங்க," என்றாள்.

கடைக்கு முன்னால் ஓட்டி, கையையும் காலையும் சேர்த்துப் பிடித்தான். அடித்து வைத்த மாதிரி நின்றது. தூக்கி அடிக்கவில்லை. மறுபடி பிடித்தான். மறுபடி நின்றது.

இறங்கி வந்து சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இது அன்னைக்கும் இருந்துச்சு," என்றான்.

"இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதே மாஸ்டர். யாரும் சொல்லலியே. ஊர்ல எல்லாரும் இப்படித்தானே ஓட்டுறாங்க."

"ஆமாண்ணா."

"தெரிஞ்சிருந்தா பிடிச்சிருப்பேன்ல?"

"பிடிச்சிருப்பீங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. தெரியாமல் செய்தது என்றால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். மகளிடமும் அப்படியே சொல்லிவிடலாம்.

"வாங்க," என்றாள் மாஸ்டர். "எட்டாவது வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

அவன் வண்டியை எடுத்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இந்திராணி உட்கார்ந்த இடம்.

ரோடு இறங்க ஆரம்பித்தது.

பூபாலன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். இடது கையால் சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் அணைந்தது. டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் அவன் தோளைத் தட்டினாள். அவன் நிறுத்தினான். அருமையாக நின்றது. அவள் இறங்கிவிட்டாள்.

"ஏன் மாஸ்டர்?"

"கை எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தான். கை இன்னும் சாவி மேலேயே இருந்தது.

"இறக்கம்தானே... பெட்ரோல் மிச்சமாகும்னு... எப்பவும்..."

எதிரே நெடுஞ்சாலைக்காரர்கள் வைத்த பலகை. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கவும். எட்டு வருஷமாக தினமும் ரெண்டு வேளை படிக்கிறான். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; நியூட்ரலில் பாரமெல்லாம் பிரேக் மேல்தான், அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மலையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். இதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

"அன்னைக்கும்..." என்றான்.

"அதை நான் உங்ககிட்ட கேக்கல."

"மாஸ்டர், பிரேக்கு..."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு."

அவள் திரும்பிக் கடையைப் பார்த்து ஏறி நடந்தாள்.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. தாரணி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பத்து நாளாக இதுதான் நடக்கிறது. போட்டுக்கொள்வாள், வண்டியைப் பார்ப்பாள், உள்ளே போய்க் கழற்றிவிடுவாள்.

"பிரேக் போட்டாச்சும்மா," என்று ஆரம்பித்தான் பூபாலன். மீதியைத் தயார் செய்துதான் வைத்திருந்தான். முன் பிரேக், கேபிள், தாத்தா சொல்லிக் கொடுத்தது எல்லாம். வாயில் வரவில்லை.

"அன்னைக்கு பிரேக் ஃபெயிலியர் இல்ல," என்றான். "நான் வண்டிய ஆஃப் பண்ணி உருட்டிட்டு வந்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு மாசத்தில் முதல் தடவை.

"ஆஃப் பண்ணாதீங்கன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க."

ஒரு பொய்க்கு இன்னும் இடம் இருந்தது. காற்று. ஹெல்மெட். காதில் விழவில்லை.

"சொன்னா," என்றான். "கேட்டுச்சு."

தாரணி பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வண்டியைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் ரெண்டரை மணி நேரம்.

கொஞ்ச தூரம் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டிய விட்டுட்டு வாங்க," என்றாள்.