தோத்திரத்தில் விட்டுப்போன ஆள்

“ஆண்டவரே, எனக்கு எப்ப குருப்பட்டம் தருவியள்?”

வஸ்தியாம்பிள்ளை உபதேசியார் இதைத் தன் ஆயரான மேற்றிராணியார் கயித்தானிடம் கேட்டபோது, அவர் மதலேனாளின் வீட்டு வளவுக்குள் புகையிலைக் குடிலின் பின்புறம் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தார்.

பதில் வர நேரமெடுத்தது. அவருடைய இருமல் சொன்ன சொல் கேட்கிற இருமல் அல்ல. கோட்டையிலிருந்து ஊரை ஆண்ட அந்நியர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த நாள்முதல் கிடங்கிலும் பரணிலும் ஒளிந்து திரிந்து, நாற்பது வயதுக்குள் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர் அவர்.

“முதலிலை நன்றித் தோத்திரம் சொல்லும்” என்றார். “நேற்றுக் கோட்டைச் சேவகரிட்டையிருந்து என்னைக் காப்பாற்றின எல்லாருக்காகவும். ஒருத்தரையும் விடாமல் சொன்னால், இண்டைக்கே பட்டம்.”

உபதேசியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மனைவியைப் பறிகொடுத்தவர்; குருவாகத் தடையில்லை. பட்டம் பெருமைக்காகக் கேட்கவில்லை. ஊரில் ஒரு குருவும் இல்லை. சாகக்கிடந்தவர்கள் கடைசிப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் பாவம் பொறுக்க ஆளில்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். மேற்றிராணியாரோ நாளைக்குத் தோணி ஏறுகிறார். இனிப் பட்டம் கொடுக்க ஒரு மேற்றிராணியார் இந்தக் கரைக்கு வருவாரென்று யார் கண்டது?

உபதேசியார் முழந்தாளிட்டார்.

“மதலேனாளுக்காகத் தோத்திரம். சேவகர் அவளை முற்றத்து வெயிலிலை நிப்பாட்டி வெருட்டியும் வாய் திறக்கேல்லை.”

“ஓம். நல்ல மனுசி. அவளுடைய வளவில்லாட்டி நான் இல்லை.”

“அவளின்ரை நாய்க்காகத் தோத்திரம். சேவகர் படலைக்கு வரமுந்தியே குரைச்சு, நீங்கள் குடிலுக்குள்ளை ஒளிக்க நேரம் எடுத்துத் தந்தது.”

“அதுக்கும்தான்.”

உபதேசியார் முக்கியமானதைக் கடைசிக்கு மிச்சம் வைத்திருந்தார்.

“ஒரு சேவகன் ஈட்டியோடை குடிலுக்குள்ளை போனான். அவனுக்குப் புகையிலை நெடி ஏறி, இருமு இருமெண்டு இருமினான். தலைவன் வெளியிலை நிண்டு ‘ஆரடா இருமுறது?’ எண்டு கத்த, ‘நான்தான் ஐயா, இஞ்சை ஒருத்தரும் இல்லை’ எண்டான். கட்டுகளுக்குப் பின்னாலை நீங்கள்! இருபத்துநாலு மணிநேரமும் இருமுற உங்களுக்கு அந்த நேரம் ஒரு இருமலும் வரேல்லை. உங்கடை நெஞ்சை அடக்கி வைச்ச சர்வேசுரனுக்குத் தோத்திரம்!”

மேற்றிராணியாருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் இருமலாக மாறிற்று.

“ஒருத்தரை விட்டிட்டீர்.”

உபதேசியார் யோசித்தார். காவல் சம்மனசான வானதூதரைச் சேர்த்தார். அந்தோனியாரைச் சேர்த்தார். மறைத்து நின்ற புகையிலைக் கட்டுகளையும் சேர்த்தார்.

“இன்னும் ஒருத்தர்.”

உபதேசியாருக்குப் பொறுமை போயிற்று.

“இனி ஆர் மிச்சம்? அந்தச் சேவகன்தான் மிச்சம்! நான் தோளிலை கல்லுச் சுமந்து கட்டின கோயிலை இடிச்சுத் தள்ளின கூட்டம். அவங்களுக்கும் தோத்திரமோ, ஆண்டவரே?”

மேற்றிராணியார் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டார்.

“சந்தைக்குப் போய் எனக்குக் கொஞ்சம் திப்பிலி வாங்கி வாரும்.”

சந்தைக்குப் போகும் வழியில் கோட்டைக் காவல். உபதேசியார் உள்ளுக்குள் பொருமியபடி நடந்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த பட்டம் ஒரு சேவகனால் கைவிட்டுப் போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

காவலில் நின்றவனை அவருக்குத் தெரியும். நேற்று அவர் கண்முன் குடிலுக்குள் போன அதே சேவகன்.

“எங்கை போறாய்?” என்று அதட்டினான்.

“சந்தைக்கு. திப்பிலி வாங்க.”

“ஆருக்கு இருமல்?”

உபதேசியார் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“எனக்குத்தான்.”

சேவகன் அவரை மேலும் கீழும் பார்த்தான். மற்றக் காவல்காரர்கள் மரநிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஈட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“நேற்று நானும் அப்பிடித்தான் சொன்னனான்.”

உபதேசியார் அப்போதுதான் கவனித்தார். வாயில் புகையிலை அடக்கியிருந்தும், இவ்வளவு நேரத்தில் அவன் ஒருதரம்கூட இருமவில்லை.

“ஐயா,” என்றான் அவன், குரலைத் தணித்து. “திப்பிலி மட்டும் காணாது. ஆடாதோடை இலையும் சேர்த்து அவிச்சுக் குடுங்கோ. அந்த மனுசன் ஒருக்கா இரும, நான் நாலுதரம் இருமி எனக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சு. இன்னொருக்கா என்னாலை ஏலாது.”

பிறகு எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்.

“போ, போ! வழியை விட்டு நட!”

உபதேசியார் நடக்கவில்லை. அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“உம்மடை பேர் என்ன, தம்பி?”

சேவகன் பயந்து மரநிழலைத் திரும்பிப் பார்த்தான்.

“பேர் என்னத்துக்கு?”

“தோத்திரத்திலை” என்றார் உபதேசியார், “ஒருத்தரை விட்டிட்டன்.”